டி.கே.எம். 6 (நெல்)

டி.கே.எம். 6, திருவள்ளூர் மாவட்டம் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இனக்கலப்பு முறையில் உருவாக்கப்பட்டு 1950களின் தொடக்கத்தில் விவசாயிகளுக்கு வந்த குறுகிய கால, சன்ன அரிசி நெல் ரகம். அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் ஏரிப் பாசன வயல்களை மனத்தில் வைத்து உருவான இது, பின்னாளில் பிலிப்பைன்ஸின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்து, பூச்சியையும் நோயையும் தாங்கும் பல ரகங்களுக்குப் பெற்றோர் ஆனது. ஐ.ஆர். 20, ஐ.ஆர். 26, ஐ.ஆர். 36, ஐ.ஆர். 64, ரத்னா ஆகியவை இதன் வழி வந்தவை.

பெயர்

தமிழ்நாட்டில் நெல் ரகங்களுக்கு அவை பிறந்த ஆராய்ச்சி நிலையத்தின் சுருக்கெழுத்தையும் வரிசை எண்ணையும் சேர்த்துப் பெயரிடுவது பழைய வழக்கம். கோயம்புத்தூர் ரகங்கள் 'கோ', ஆடுதுறை ரகங்கள் 'ஏ.டி.டி.', அம்பாசமுத்திரம் ரகங்கள் 'ஏ.எஸ்.டி.' எனத் தொடங்கும். 'டி.கே.எம்.' என்பது திரூர்க்குப்பத்தைக் குறிக்கும். சென்னையை அடுத்த குன்றத்தூருக்கு வடமேற்கே, திருநின்றவூரைத் தாண்டியுள்ள இந்த நிலையம் 1942இல் தொடங்கப்பட்டது. இப்போது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது.

பயிர்ச் சூழல்

காவிரிப் படுகைக்கு ஆற்றுக் கால்வாய் எப்படியோ, பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக்கு ஏரி அப்படி. குன்றத்தூரை ஒட்டிய செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து ஊருக்கு ஊர் இருக்கும் சிறு ஏரிகள் வரை எல்லாமே வடகிழக்குப் பருவமழையை நம்பி நிற்பவை. சம்பா, நவரை, சொர்ணவாரி என்று பருவம் பிரிக்கும் வழக்கம் இப்பகுதிக்கு உரியது. ஏரி நிரம்பும் வரை காத்திராமல் புழுதியில் விதைத்து, மழை வந்தபின் நீர் கட்டி வளர்க்கும் 'புழுதிக்கால்' சாகுபடியும் இங்கு அதிகம். ஏரி எத்தனை நாளைக்கு நீர் தரும் என்ற கணக்குதான் என்ன ரகம் விதைப்பது என்பதை முடிவு செய்யும். நீண்ட நாள் நிற்கும் ரகம் சுவையாக இருந்தாலும் கடைசித் தண்ணீர் இல்லாமல் பதராகிவிடும். குறைந்த நாளில் கதிர் முற்ற வேண்டும், அரிசியும் சன்னமாக இருக்க வேண்டும் என்பது திரூர் ஆய்வாளர்கள் முன் இருந்த தேவை.

பெற்றோர்

டி.கே.எம். 6இன் பெற்றோர் ஜி.இ.பி. 24, கோ 18 என்ற இரு ரகங்கள். ஜி.இ.பி. 24 கிச்சிலிச் சம்பா என்றும் அறியப்படுவது. 'கோணமணி' என்ற நெல்லில் இயற்கையாகத் தோன்றிய மாற்றத்தைக் கண்டெடுத்துத் தனியே பெருக்கி, 1921இல் வெளியிட்டார்கள். 'கவர்ன்மென்ட் எகனாமிக் பொட்டானிஸ்ட்' என்ற அரசுப் பதவியின் முதலெழுத்துகளே இந்நெல்லுக்குப் பெயராயின. 1912இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையத்தின் தொடக்ககால வெற்றிகளில் இது முக்கியமானது. பாபட்லா என்று அரிசிக் கடைகளில் கேட்டு வாங்கப்படும் பி.பி.டி. 5204இன் மூதாதைகளிலும் ஜி.இ.பி. 24 உண்டு. கோ 18 கோயம்புத்தூர் நிலையத்தின் ரகம்.

உருவாக்கம்

நெல் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும் பயிர். இரண்டு ரகங்களைக் கலக்க வேண்டுமானால், தாயாக வைக்கும் கதிரில் பூ விரியும் முன்பே ஒவ்வொரு பூவிலும் உள்ள ஆறு மகரந்தப் பைகளையும் அகற்றிவிட வேண்டும். முற்பகலில் பூக்கள் விரியும் வேளையில் தந்தை ரகத்தின் கதிரைக் கொண்டுவந்து அதன்மேல் உதறுவார்கள். நெல் மகரந்தத்தின் உயிர் சில நிமிடங்களே என்பதால் கைவேகம் முக்கியம். பிறகு வேற்று மகரந்தம் படாதபடி கதிருக்கு உறை மாட்டிவிடுவார்கள்.

இப்படிக் கிடைக்கும் முதல் தலைமுறைச் செடிகள் ஒன்றுபோல் இருக்கும். இரண்டாம் தலைமுறையில்தான் நெட்டை, குட்டை, முன்விளைவு, பின்விளைவு, சன்னம், மோட்டா எனக் குணங்கள் பிரிந்து விழும். அவற்றிலிருந்து வேண்டியதைப் பொறுக்கி, அதன் விதையைத் தனி வரிசையாக விதைத்து, மறுபடி பொறுக்கி, குணம் நிலைக்கும் வரை ஆறேழு தலைமுறை தொடர வேண்டும்.     

நிலைபெற்ற வரிசைகள் ஆராய்ச்சி நிலையத்திலும் பிறகு விவசாயிகளின் வயல்களிலும் பழைய ரகங்களோடு ஒப்பிடப்படும். தேறியதற்கே எண் கிடைக்கும். அப்படி எண் பெற்ற டி.கே.எம். 6 உயரமாக வளரும், முன்கூட்டியே விளையும், அரிசி சன்னம். அன்றைய விவசாயி அறிந்தது இவ்வளவே.

கடல் கடந்த பயணம்

பிலிப்பைன்ஸில் லாஸ் பானோஸில் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1960இல் நிறுவப்பட்டது. அங்கு 1966இல் வெளியான ஐ.ஆர். 8 அதிக விளைச்சல் தந்தது. ஆனால் அரிசி மோட்டா. பூச்சி, நோய்களைத் தாங்கும் சக்தியும் குறைவு. அதனால் பல நாடுகளிலிருந்து திரட்டிய ஆயிரக்கணக்கான ரகங்களைத் தண்டுத் துளைப்பானுக்கு எதிராகச் சோதித்தார்கள். பயிரின் நடுக்குருத்தைக் காயவைத்து, பூக்கும் சமயத்தில் வெண்கதிர் விழச் செய்யும் இந்தப் புழுவை ஓரளவு தாங்கியவற்றில் டி.கே.எம். 6 குறிப்பிடத்தக்கதாக இருந்தது.

ஐ.ஆர். 262 என்ற வரிசையோடு டி.கே.எம். 6ஐக் கலந்து உருவான ஐ.ஆர். 20, 1969இல் வெளியானது. தமிழ்நாட்டில் அது பரவிய வேகத்தில், 'ஐ.ஆர். இருபது' என்பது அரிசியின் பொதுப் பெயர் போலவே புழங்கியது. கட்டாக்கிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் டி.கே.எம். 6ஐ ஐ.ஆர். 8உடன் கலந்து ரத்னாவை உருவாக்கியது. ஐ.ஆர். 20 வடிவில் திரூரின் பேரப்பிள்ளை பிலிப்பைன்ஸ் வழியாகச் செங்கற்பட்டு வயல்களுக்கே திரும்பி வந்தது.

மறைந்திருந்த குணம்

டி.கே.எம். 6இன் வரலாற்றில் விந்தையான பகுதி புகையானைப் பற்றியது. தூரில் கூட்டமாக அமர்ந்து சாறு உறிஞ்சி, வட்டவட்டமாகத் தீய்ந்ததுபோல் பயிரை அழிக்கும் இப்பூச்சிக்கு டி.கே.எம். 6 இரையாகும் ரகமே. ஆனால் அதன் வழித்தோன்றல்களில் சில புகையானைத் தாங்கி நின்றன. பெற்றோரிடம் இல்லாத எதிர்ப்பு பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு 1970களில் விடை கிடைத்தது. டி.கே.எம். 6இல் 'பி.பி.எச். 1' என்ற எதிர்ப்பு மரபணு இருக்கிறது. அதைச் செயல்படவிடாமல் அடக்கும் மற்றொரு மரபணுவும் கூடவே இருக்கிறது. கலப்புக்குப் பின் இரண்டும் பிரிந்து, எதிர்ப்பை மட்டும் பெற்ற பிள்ளைகள் பிழைத்தன.

ஐ.ஆர். 24உடன் டி.கே.எம். 6ஐக் கலந்து 1973இல் வெளியான ஐ.ஆர். 26 இந்த எதிர்ப்பைப் பெற்றது. அதே தந்தை வழி வந்த ஐ.ஆர். 20க்கு அது வாய்க்கவில்லை. ஐ.ஆர். 26இன் வெற்றியும் நீடிக்கவில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே அதைத் தாக்கவல்ல புகையான் வகை இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் பெருகிவிட்டது. ஒரே மரபணுவை நம்பிப் பரந்த நிலத்தில் ஒரே ரகம் பயிரிட்டால் பூச்சி விரைவில் முந்திவிடும் என்பதற்கு இது உலகறிந்த எடுத்துக்காட்டாயிற்று.

பாக்டீரியா இலைக்கருகல் நோயை எதிர்க்கும் 'எக்ஸ்.ஏ. 4' மரபணுவும் டி.கே.எம். 6இல்தான் அடையாளம் காணப்பட்டது. 1976இல் வெளியான ஐ.ஆர். 36, 1985இல் வெளியான ஐ.ஆர். 64 ஆகியவற்றிலும் இம்மரபணு உண்டு. ஐ.ஆர். 36 ஒரு கட்டத்தில் உலகில் சுமார் 1.1 கோடி ஹெக்டேரில் பயிரானது.

ரகத்தை விவரித்தல்

இந்தியாவில் தாவர ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 2001இல் இயற்றப்பட்டது. இச்சட்டப்படி ரகம் ஒன்று மற்றவற்றிலிருந்து வேறுபட்டதாகவும், தனக்குள் ஒரே சீராகவும், தலைமுறை மாறியும் மாறாததாகவும் இருக்க வேண்டும். நெல்லுக்கு முளைக்குருத்து உறையின் நிறம், இலையுறையின் நிறம், பாதிக் கதிர்கள் வெளிவர ஆகும் நாள், தண்டின் நீளம், மீசை உண்டா இல்லையா, உமி நீக்கிய அரிசியின் நிறம், மணம் என 62 குணங்கள் பதியப்படுகின்றன. விவசாயிகள் வழிவழியாகக் காத்த நாட்டு ரகங்களையும் இவ்வாறு பதிவு செய்யலாம். இவை ஒரு ரகத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக்காட்டும் அடையாளங்கள். டி.கே.எம். 6இன் புகையான் எதிர்ப்புக் குணமோ அதன் செடியில் கண்ணுக்குப் புலப்பட்டதே இல்லை.

பிற்காலம்

திரூரிலிருந்து பிறகும் ரகங்கள் வந்தன. டி.கே.எம். 7ஐயும் ஐ.ஆர். 8ஐயும் கலந்து 1978இல் வெளியான டி.கே.எம். 9, குட்டையான பருத்த சிவப்பு அரிசி தருவது. 2015இல் வெளியான டி.கே.எம். 13, பி.பி.டி. 5204க்கு மாற்றாகச் சொல்லப்படும் மத்திய சன்ன ரகம். செம்பரம்பாக்கம் ஏரி சென்னையின் குடிநீருக்காகிவிட்டது. குன்றத்தூரைச் சுற்றிய நஞ்சைகளில் பெரும்பகுதி மனைகளாகிவிட்டன. டி.கே.எம். 6ஐ வயலில் காண்பது இன்று அரிது. நெல்லாய்வாளர்கள் தயாரிக்கும் வம்சாவளி அட்டவணைகளில் மட்டும் திரூர்க்குப்பத்தின் மூன்றெழுத்து தொடர்ந்து எழுதப்பட்டு வருகிறது.