களத்துமேட்டின் காற்று

'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்பது நம் மக்கள் நாவில் நாள்தோறும் பயிலும் பழமொழி. பதவியும் செல்வாக்கும் உள்ளபோதே சுருட்டிக்கொள் என்பதே அதன் பொருள் போலப் பலரும் கையாளக் கேட்கிறோம். அது பிறந்த களத்திற்குச் சென்று நோக்கின் பொருள் வேறாகிறது.

'தூறு' என்பது தன்வினை. 'தூற்று' அதன் பிறவினை. மேகம் துளிகளைச் சிதறினால் தூறல். உழவன் நெல்லைச் சிதறினால் தூற்றல். ஒருவர்மீது பழியைப் பரப்பினாலும் தூற்றலே. போரடித்த நெல்லை முறத்தில் உயர ஏந்திக் காற்றில் சரித்தால் கனத்த மணி காலடியில் விழும். பதர் விலகிப் பறக்கும். காற்று எவருக்கும் புதிதாக நெல்லைக் கொணர்ந்து தருவதில்லை. விளைந்ததைத் தரம் பிரிப்பதே அதன் பணி.

பொத்தேரி தன் பெயரிலேயே ஏரியைத் தாங்கிய ஊர். செங்கற்பட்டுச் சீமை முழுவதும் ஏரிப் பாசனத்தில் வாழ்ந்த நிலம். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய சம்பா, தை மாதத்தில் களம் காணும். பகல் வெப்பத்தில் எழும் கடற்காற்று இரவில் அடங்கிவிடும். இடையில் உள்ள சில மணி நேரமே உழவனுக்குக் கிடைத்த தவணை.

இச்சீமையை ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக வழங்கினார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு இங்குள்ள ஏறத்தாழ 2000 ஊர்களை அளவிட்டார். களத்து நெல்லில் தச்சர், கொல்லர், வண்ணார், கணக்கர் முதலியோருக்கு உரிய பங்குகள் அன்றைய பதிவுகளில் காணப்படுகின்றன. 'மேரை' எனப்பட்ட இப்பங்குகளை அளந்து கொடுக்க முதலில் நெல் தூய்மையாக வேண்டும். தூற்றாத குவியலை அளக்க முடியாது. ஆகவே காற்றைத் தவறவிட்டவன் தன் வீட்டுக் குதிரை மட்டுமன்று, ஊரார் பலரின் அடுப்பையும் காக்கவைத்தான்.

விளைச்சலின் ஜகாத்தும் இதே களத்தில்தான் நிற்கிறது. மழையால் விளைந்ததில் பத்தில் ஒன்று, உழைத்து நீர் இறைத்து விளைவித்ததில் இருபதில் ஒன்று என்பது சட்டம். போரடித்துத் தூய்மை செய்த தானியத்திலிருந்தே அதைக் கொடுக்க வேண்டும் என்பது ஷாஃபி மத்ஹபின் நிலை. ஏழையின் பங்கும் காற்றுக்குக் காத்திருந்தது.

இன்று பொத்தேரியில் பல்கலைக்கழகமும் அடுக்ககங்களும் நிற்கின்றன. நெல் விளையும் ஊர்களிலும் அறுவடை இயந்திரத்தின் விசிறியே பதரை ஊதித் தள்ளுகிறது. முறமும் களமும் கண்ணிலிருந்து மறைந்தபின் தூற்றுதல் என்றால் பழித்தல் மட்டுமே என இளையோர் எண்ணுவதில் வியப்பில்லை. 'கொள்' என்னும் துணைவினை தன் பயனைக் குறிப்பது உண்மைதான். எனினும் கொள்ளச் சொன்னது தான் உழுது விளைத்ததை. அதிலும் பிறர் பங்கை அளந்து கொடுத்தபின் எஞ்சியதை. பிறர் குவியலை அள்ளுவோருக்கு இப்பழமொழியில் இடமில்லை.