இணையதளம், மின்னஞ்சலை புதிய சர்வருக்கு மாற்றுகிறீர்களா? வணிகர்கள் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

மைசூரு: பட்டு, அகர்பத்தி, சந்தனப் பொருட்கள், யோகா பயிற்சி எனப் பல தொழில்களுக்குப் பெயர்பெற்ற நகரம் மைசூரு. இங்குள்ள வணிகர்கள் பலருக்கு வெளியூர், வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் இருந்து ஆர்டர்களும் விசாரணைகளும் மின்னஞ்சலில்தான் வருகின்றன. இந்நிலையில் இணையதளத்தையும் மின்னஞ்சலையும் ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தில் இருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது நேரும் சிறு தவறு, பல நாள் கடிதங்களை இழக்கச் செய்துவிடும். அதைத் தவிர்க்கும் வழிகளை இத்தொகுப்பில் காணலாம்.

பெயர் வேறு, இடம் வேறு

ஒரு வணிகத்தின் இணைய இருப்பில் டொமைன் பெயர், இணையதளம் இயங்கும் சர்வர், மின்னஞ்சல் பெட்டிகள் இருக்கும் சர்வர் ஆகிய மூன்றும் தனித்தனியானவை. ஒன்றை மாற்றினால் மற்றவற்றையும் மாற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூன்றையும் இணைப்பது டிஎன்எஸ் எனப்படும் பெயர்ப் பதிவேடு. இணையதளத்தைத் தேடி வருபவரை எங்கு அனுப்ப வேண்டும் என்பதை அதிலுள்ள 'ஏ' பதிவும், மின்னஞ்சலை எங்கு சேர்க்க வேண்டும் என்பதை 'எம்எக்ஸ்' பதிவும் தெரிவிக்கின்றன.

மத்திய அரசின் மின்னஞ்சல் சேவை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. தேசிய தகவலியல் மையம் நடத்தி வந்த இச்சேவை, 2023-ம் ஆண்டில் ஒப்பந்தம் பெற்ற சோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றப்பட்டது. சுமார் 12 லட்சம் கணக்குகள் இடம் மாறின. ஆனால் 'ஜிஓவி.இன்', 'என்ஐசி.இன்' என முடியும் முகவரிகள் மாறவில்லை. இதற்கு மாறாக, வங்கிகள் தங்கள் இணையதளங்களை 2025 அக்டோபர் 31-ம் தேதிக்குள் 'பேங்க்.இன்' என முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என இந்திய ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அங்கு மாறியது பெயர். சாதாரண வணிகருக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் முதல் வகை மாற்றமே.

முதலில் உரிமையைச் சரிபாருங்கள்

டொமைன் யார் பெயரில் பதிவாகியுள்ளது என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். இணையதளத்தை வடிவமைத்தவரின் பெயரிலோ, அவரது மின்னஞ்சல் முகவரியிலோ பதிவாகி இருந்தால், அதை வணிகத்தின் பெயருக்கு மாற்றிய பிறகே அடுத்த கட்டத்துக்குச் செல்வது நல்லது. டொமைன் காலாவதியாகி வேறொருவர் கைக்குச் சென்றால், அந்த முகவரிக்கு வரும் கடிதங்களும், கடவுச்சொல் மீட்பு இணைப்புகளும் அவரையே சென்றடையும்.

மாற்றத்துக்கு முன்

இணையதளக் கோப்புகள், தரவுத்தளம், மின்னஞ்சல்கள் ஆகியவற்றின் நகலை எடுத்து, இரு ஹோஸ்டிங் நிறுவனங்களையும் சாராத வேறொரு இடத்தில் வைக்க வேண்டும். டிஎன்எஸ் பதிவுகள் அனைத்தையும் குறித்துக்கொள்வதும் அவசியம். நேம்சர்வரை மாற்றும்போது எம்எக்ஸ் பதிவை மட்டும் எடுத்துச் செல்ல மறந்தால், இணையதளம் வழக்கம்போல் இயங்கும். மின்னஞ்சல் மட்டும் வராது.

மாற்றத்துக்கு ஓரிரு நாள் முன்பு, டிஎன்எஸ் பதிவுகளின் 'டிடிஎல்' மதிப்பை 300 விநாடிகளாகக் குறைக்கலாம். பழைய விவரத்தைப் பிற கணினிகள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்பதைக் குறிக்கும் அளவு இது. இதன் மதிப்பு 86,400 விநாடிகளாக இருந்தால், மாற்றம் எல்லா இடங்களுக்கும் சென்று சேர ஒரு நாள் வரை ஆகலாம்.

புதிய சர்வரில் எல்லா மின்னஞ்சல் பெட்டிகளையும் அதே பெயர்களில் முன்கூட்டியே உருவாக்கிவிட வேண்டும். பெட்டி இல்லாத முகவரிக்கு வரும் கடிதம் உடனே திருப்பி அனுப்பப்படும். சர்வர் தற்காலிகமாகத் தொடர்பில் இல்லாத நிலை வேறு. அப்போது அனுப்பும் சர்வர்கள் பொதுவாகச் சில நாட்கள் வரை மீண்டும் மீண்டும் முயற்சி செய்யும்.

மாற்றும் நாளில்

வணிகம் குறைவாக நடைபெறும் நேரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆன்லைன் விற்பனை உள்ள தளமாக இருந்தால், பழைய தளத்தில் புதிய ஆர்டர்களை நிறுத்தி வைத்துவிட்டு, கடைசியாக ஒருமுறை தரவுத்தளத்தை நகலெடுக்க வேண்டும். இல்லையெனில், இடைப்பட்ட நேரத்தில் வரும் ஆர்டர்கள் பழைய சர்வரிலேயே தங்கிவிடும். புதிய சர்வரில் பாதுகாப்புச் சான்றிதழ், கட்டண வசதி, தொடர்புப் படிவம் ஆகியவை செயல்படுகின்றனவா என்பதையும் சோதிக்க வேண்டும்.

எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஆகிய பதிவுகளைப் புதிய சேவைக்கு ஏற்பத் திருத்துவது முக்கியம். மொத்தமாக மின்னஞ்சல் அனுப்புவோருக்கு இம்மூன்றையும் கூகுள், யாகூ நிறுவனங்கள் 2024 பிப்ரவரி முதல் கட்டாயமாக்கின. சிறு வணிகர்களும் இவற்றைத் திருத்தாவிட்டால், அனுப்பும் விலைப்பட்டியல்கள் ஸ்பேம் பெட்டிக்குச் செல்லக்கூடும்.

பலரும் கவனிக்கத் தவறும் சிக்கல் ஒன்றும் உள்ளது. பழைய நிறுவனத்தின் சர்வரில் டொமைனின் மின்னஞ்சல் அமைப்பு நீக்கப்படாமல் இருந்தால், அதே சர்வரைப் பயன்படுத்தும் பிற வாடிக்கையாளர்கள் அனுப்பும் கடிதங்கள் புதிய முகவரிக்கு வராமல், பழைய பெட்டியிலேயே விழுந்துகொண்டிருக்கும். எனவே, மின்னஞ்சலை வெளி சர்வருக்கு அனுப்பும்படி பழைய நிறுவனத்திடம் அமைப்பை மாற்றச் சொல்ல வேண்டும்.

பழைய கணக்கை உடனே மூடலாமா?

கூடாது. குறைந்தது 2 வாரங்களாவது பழைய கணக்கை வைத்திருந்து, அதில் தங்கிய கடிதங்களைப் புதிய பெட்டிக்கு நகலெடுப்பது பாதுகாப்பானது. 'ஐமேப்' முறையில் கைபேசியில் தெரியும் பழைய கடிதங்கள் சர்வரில் இருப்பவை. நகலெடுக்கும் முன் கணக்கை மூடினால் அவை கிடைக்காமல் போகலாம். 'பாப்' முறையைப் பயன்படுத்தியவர்களின் கடிதங்கள் அலுவலகக் கணினியில் மட்டுமே இருக்க வாய்ப்புள்ளதால், அந்தக் கணினியையும் நகலெடுக்க வேண்டும்.

மாற்றம் நடைபெறும் நாட்களில், 'வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது' என்று வணிகத்தின் பெயரில் போலிக் கடிதம் வந்தால் நம்ப வேண்டாம் என வாடிக்கையாளர்களுக்கு முன்கூட்டியே தெரிவிப்பது நல்லது. பண மோசடி நேர்ந்தால் 1930 என்ற தேசிய உதவி எண்ணில் உடனடியாகப் புகார் அளிக்கலாம்.

மைசூர் என்ற பெயர் 2014 நவம்பர் 1-ம் தேதி அதிகாரப்பூர்வமாக மைசூரு என மாறியது. ஆனால் மைசூர் பல்கலைக்கழகத்தின் இணைய முகவரியில் பழைய பெயரே தொடர்கிறது. வாடிக்கையாளர்கள் நினைவில் வைத்திருப்பது முகவரியைத்தான். சர்வர் எங்கு மாறினாலும் அந்த முகவரிக்கு வரும் ஒரு கடிதமும் தவறாமல் பார்த்துக்கொள்வதே இந்த மாற்றத்தின் நோக்கமாக இருக்க வேண்டும்.