சிலிக்கனில் ஒரு செவி

உட்செவியில் நத்தைபோல் சுருண்டிருக்கும் காக்ளியாவை நிமிர்த்தி நீட்டினால் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர்தான். அதனுள் ஓடும் சவ்வு வாயிலருகே விறைத்தும் நுனியில் தளர்ந்தும் இருக்கிறது. ஆதலால் கீச்சொலி வாயிலருகிலும் கனத்த ஒலி நுனியிலும் பேரதிர்வை எழுப்பும். இறந்தோரின் செவிகளில் இதைக் கண்ணால் கண்டவர், புடாபெஸ்ட் நகரில் தொலைபேசி ஆய்வகமொன்றில் பணியாற்றிய கியோர்க் வான் பெக்கெசி. 1961-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆயினும், இறந்த செவி முழு உண்மையையும் சொல்லிவிடவில்லை. உயிருள்ள செவி தானும் மெல்லிய ஒலி எழுப்புகிறது என்று 1978-இல் டேவிட் கெம்ப் அறிவித்தார். வரும் ஒலியைச் செவி வாங்கிக்கொள்வதோடு நிற்பதில்லை. மெல்லியதைத் தானே பெருக்கியும் கொள்கிறது!

1988-இல் ரிச்சர்ட் லயனும் கார்வர் மீடும் இந்தச் சுருளைச் சிலிக்கனில் அமைத்தனர்; வரிசையாக 480 வடிப்பிகள். மின்செலவு மிகச் சொற்பம். ஆனால் அனலாக் சில்லில் ஒரு டிரான்சிஸ்டரைப் போல் மற்றொன்று அமைவதில்லை. வரிசை நீள நீளப் பிழையும் சேரும்.

டிஜிட்டல் சில்லில் அத்தொல்லை இல்லை. அங்கே பெருக்கல் கணக்குத்தான் இடத்தையும் மின்சாரத்தையும் விழுங்குவது. ஒலியை விநாடிக்குச் சில பத்தாயிரம் முறை அளந்தால் போதும். சில்லோ அதே விநாடியில் கோடிக்கணக்கான முறை இயங்கவல்லது. எனவே ஒரே வடிப்பிச் சுற்று, பல வடிப்பிகளின் வேலையை முறைவைத்துச் செய்கிறது. செவியின் அந்தத் தற்பெருக்கத்தையும் கணக்கில் கொண்டு லயன் பின்னர் வகுத்த மாதிரியை, மேற்கு சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் இவ்வாறே டிஜிட்டல் சுற்றாக்கி வெளியிட்டனர்.