அத்தியாயம் 9: மெக்கார்ட்னி பிரபுவின் தூதர்

காலை நெரிசலில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் மாட்டிக்கொண்டவருக்கு மகாவலியைப் பார்க்க நேரம் தாராளமாகக் கிடைக்கும். 1782இல் அங்கே பாலம் கிடையாது. படை நடக்கத் தோதான பாதை எதையும் கண்டி மன்னர்கள் விட்டுவைக்கவில்லை. மலைவழிகள் ஒற்றையடித் தடங்களாகவே கிடந்தன. குறுக்கே முட்கதவுகள், பக்கத்தில் காவலர்கள். மீதியை, நகரை மூன்று பக்கமும் வளைத்து ஓடும் ஆறு பார்த்துக்கொண்டது.

அந்த ஆற்றை நோக்கித்தான் பெப்ரவரி மாதத்தில் திருகோணமலையிலிருந்து ஹியூ பொய்ட் புறப்பட்டார். அனுப்பியவர், நம் கதாநாயகர் மெக்கார்ட்னி பிரபு. இருவரும் அயர்லாந்தின் அன்ட்ரிம் மாவட்டத்துக்காரர்கள், டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் படித்தவர்கள். சென்னைக் கோட்டையில் ஊர்க்காரருக்கு ஊர்க்காரர் கை கொடுத்ததில் வியப்பில்லை.

பிரபுவின் நிலைமை அப்போது அவ்வளவு நன்றாக இல்லை. 1779இல் கிரெனடாத் தீவில் ஆளுநராக இருந்து, பிரெஞ்சுக்காரரிடம் சிறைப்பட்டு மீண்டவர். 1781இல் சென்னைக்கு ஆளுநராக வந்தால், கர்நாடகத்தில் ஹைதர் அலியின் குதிரைகள். கம்பனி உத்தியோகத்தில் வளராத பிரபு ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே பலருக்கு உறுத்தல். ஆனாலும் மனிதர் சும்மா இருக்கவில்லை. நவம்பரில் ஒல்லாந்தரிடமிருந்து நாகப்பட்டினம் பறிபோனது. ஜனவரியில் அட்மிரல் ஹியூஸ் திருகோணமலையைப் பிடித்தார். இனிக் கண்டி மன்னரும் கைகோத்துவிட்டால் இலங்கையில் ஒல்லாந்தர் கதை முடிந்தது என்பது பிரபுவின் கணக்கு.

கணக்கில் ஒரு பழைய பாக்கி இருந்தது. 1762இல் இதே சென்னையிலிருந்து பைபஸ் என்ற தூதர் கண்டிக்கு வந்து, ஆசை காட்டிப் போனார். பிறகு உதவியும் வரவில்லை, ஒழுங்கான பதிலும் வரவில்லை. கண்டி தனியாகவே ஒல்லாந்தரோடு மோதி, 1766 உடன்படிக்கையில் கடற்கரை முழுவதையும் இழந்தது. இந்த அவமானத்தைக் கண்டி அவ்வளவு சீக்கிரம் மறக்குமா?

பொய்ட் வந்த நேரமும் சரியில்லை. மன்னர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் ஜனவரித் தொடக்கத்தில்தான் காலமாகியிருந்தார். அரியணையில் இருந்தவர் தம்பி ராஜாதி ராஜசிங்கன். அவரும் நாயக்கர் வம்சத்தவரே.

தர்பார் மண்டபத்தில் திரை விலகியது. கூட வந்த பிரதானிகள் கற்றரையில் குப்புற விழுந்து, நீச்சலடிப்பவர்போல் கைகால்களை நீட்டி வணங்கினார்கள், எழுந்தார்கள், மறுபடி விழுந்தார்கள். பொய்ட் மட்டும் மண்டியிட்டார். அவருக்கு அவ்வளவே போதும் என்று முன்கூட்டியே பேசி முடித்திருந்தார்கள். பதினொரு ஆண்டு கழித்துச் சீனச் சக்கரவர்த்தி முன்னால் மெக்கார்ட்னியே இதே பேரத்தைப் பேசவேண்டி வரப்போகிறது. அதை உரிய இடத்தில் பார்ப்போம்.

வணக்கத்தில் விட்டுக்கொடுத்த கண்டி, ஒப்பந்தத்தில் ஓர் அங்குலமும் நகரவில்லை. பைபஸ் விஷயத்தைக் கிளறினார்கள். பிறகு வந்தது முடிவான பதில்: வியாபாரக் கம்பனியோடு மன்னருக்கு ஒப்பந்தம் இல்லை, இங்கிலாந்து மன்னரே எழுதட்டும், அப்போது பேசலாம்.

மெக்கார்ட்னி பிரபுதான், ஒரு காலத்தில் ரஷ்யப் பேரரசி கத்தரினிடம் தம் மன்னரின் தூதராகப் போனவர்தான். ஆனால் பொய்ட்டைக் கண்டிக்கு அனுப்பியபோது அவர் கம்பனியின் ஆளுநர். கண்டி கைவைத்தது சரியாக அந்த இடத்தில். என்னைக் கேட்டால், அந்த ஆண்டு பிரபுவுக்குக் கிடைத்த பதில்களில் மிகக் கூர்மையானது இதுதான்.

பொய்ட் வெறுங்கையோடு மலையிறங்கினார். இதற்குள் வங்கக் கடலின் நிறமே மாறியிருந்தது. சுஃப்ரேன் என்ற பிரெஞ்சுத் தளபதி பெரும் கப்பற்படையோடு வந்து, பெப்ரவரி 17 அன்று சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் ஹியூஸோடு பொருதிவிட்டார். ஏப்ரலில் மறுபடியும் ஒரு மோதல். திருகோணமலையே எத்தனை நாள் ஆங்கிலேயர் கையில் நிற்கும் என்பது சந்தேகம்.

கண்டியின் பதிலைச் சுமந்துகொண்டு பொய்ட் கப்பலேறினார். அந்தக் கப்பல் சென்னைக்குப் போய்ச் சேரவில்லை.

(தொடரும்)