தாய் மசாஜா, ஸ்வீடிஷ் மசாஜா? பணம் கட்டும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம். வாரம் முழுக்க லேப்டாப் முன்னால் குனிந்த கழுத்து கல் மாதிரி இறுகிவிட்டது. நண்பர்கள் கொடுத்த கிஃப்ட் வவுச்சரை எடுத்துக்கொண்டு ஸ்பாவுக்குப் போகிறீர்கள். ரிசப்ஷனில் முதல் கேள்வி, "தாயா, ஸ்வீடிஷா?" என்ன வித்தியாசம் என்று கேட்டால், "ஸ்வீடிஷ் சாஃப்டா இருக்கும், தாய் கொஞ்சம் ஸ்ட்ராங்கா இருக்கும்" என்பார்கள். நம்மில் பலர் அதை வைத்தே முடிவெடுத்துவிடுகிறோம்.

அந்தப் பதில் பாதிதான் சரி. ஸ்வீடிஷையும் அழுத்திச் செய்யலாம், தாய் மசாஜையும் மென்மையாகச் செய்யலாம். உண்மையான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்வீடிஷில் நீங்கள் அசையாமல் படுத்திருப்பீர்கள், தசையைப் பிசைவார்கள். தாய் மசாஜில் உங்கள் கை, கால், முதுகு என மூட்டுகளையே வளைத்து, இழுத்து, திருப்புவார்கள். இந்த இரண்டாவது விஷயத்துக்கு உங்கள் உடம்பு தயாரா? முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

ஸ்வீடனில் கிடைக்காத 'ஸ்வீடிஷ்'

ஸ்வீடனில் போய் 'ஸ்வீடிஷ் மசாஜ்' என்று கேட்டால் சிரிப்பார்கள். அங்கே அதன் பெயர் 'கிளாசிக் மசாஜ்'. 1813-ல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக் கல்லூரி தொடங்கிய பெர் ஹென்ரிக் லிங்தான் இதை உருவாக்கியவர் என்று பல ஸ்பா மெனுக்களில் எழுதியிருக்கும். அவருடைய வேலை பெரும்பாலும் மருத்துவ உடற்பயிற்சி சார்ந்தது. தடவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல், அதிரவைத்தல் என்ற ஐந்து கைமுறைகளைப் பிரெஞ்சுப் பெயர்களோடு ஒழுங்குபடுத்திய பெருமை ஆம்ஸ்டர்டாம் மருத்துவர் யோஹான் கியோர்க் மெட்ஸ்கருக்குத் தரப்படுகிறது.

நடைமுறையில் இது எண்ணெய் மசாஜ். உயரமான மேஜையில் படுக்க வேண்டும். உடை களைய வேண்டியிருக்கும், ஆனால் எந்தப் பகுதியில் கை வைக்கிறார்களோ அதை மட்டும் திறந்து, மற்றதைத் துணியால் மூடியிருப்பதுதான் முறை. தீபாவளி எண்ணெய் தேய்ப்பு பழகிய நமக்கு இது பெரிய அதிர்ச்சியாக இருக்காது.

தாய்லாந்தின் பாய்

'தாய் மசாஜ்' போர்டைப் பார்த்து, பிரசவமான தாய்மாருக்கான மசாஜ் போல என்று நினைத்த என் பெரியம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். இது தாய்லாந்தின் 'நுவாட் தாய்'. யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் 2019-ல் சேர்ந்தது. பாங்காக்கின் வாட் போ கோயில் சுவர்களில், மூன்றாம் ராமா மன்னர் காலத்தில் (1824–1851) பதித்த கற்பலகைகளில் மனித உருவமும் அழுத்த வேண்டிய இடங்களும் கோடுகளாக வரையப்பட்டுள்ளன. இந்தக் கலையின் ஆதிகுருவாக அவர்கள் வணங்குவது புத்தரின் மருத்துவராகச் சொல்லப்படும் ஜீவகரை. நம்ம மகத நாட்டுக்காரர்!

அந்தக் கோடுகளுக்குப் பெயர் 'சென்'. அதன் வழியாக உயிராற்றல் ஓடுகிறது என்பது மரபு. உடற்கூறியலில் அப்படி ஒரு பாதை இல்லை. ஆனால் அழுத்தமும் நீட்டலும் உடம்புக்கு இதமாக இருக்க அந்த நம்பிக்கை அவசியமும் இல்லை.

எண்ணெய் கிடையாது. தளர்வான சட்டை, பேன்ட் தருவார்கள். தரையில் மெத்தைப் பாயில் படுக்கவைத்து உள்ளங்கை, கட்டைவிரல், முழங்கை, முழங்கால், பாதம் எல்லாவற்றாலும் அழுத்துவார்கள். உடை கழற்றத் தயங்குபவர்களுக்கு இதுதான் வசதி, ரிசப்ஷனில் யாரும் இதைச் சொல்வதில்லை.

வலி போகுமா?

முதுகுவலிக்கு மசாஜ் பற்றிய 25 ஆய்வுகளை, 3,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளோடு, 2015-ல் காக்ரன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. குறுகிய காலத்துக்கு வலி குறைகிறது, நீண்ட கால நிவாரணத்துக்கு நம்பகமான ஆதாரம் இல்லை, இருக்கும் ஆதாரமும் தரம் குறைந்தது என்பதுதான் முடிவு. இன்னொரு எண்ணையும் கவனியுங்கள். மசாஜுக்குப் பிறகு வலி கூடியதாகச் சொன்னவர்கள், ஆய்வைப் பொறுத்து, 1.5 முதல் 25 சதவீதம் வரை. 'நச்சுகளை வெளியேற்றும்' என்ற மெனு வரியை அப்படியே தாண்டிவிடுங்கள். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே பார்க்கின்றன.

எப்போது வேண்டாம்?

நீண்ட விமானப் பயணம் முடிந்து, ஒரு கால் கெண்டை மட்டும் வீங்கி, சூடாக வலிக்கிறதா? எந்த மசாஜும் வேண்டாம், நேராக மருத்துவரிடம் போங்கள். அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். அழுத்தும்போது நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல், தோல் தொற்று, ஆறாத காயம் இருந்தாலும் தள்ளிப்போடுங்கள்.

முதுகுவலியோடு காலில் மரத்துப்போதல், பலவீனம், சிறுநீர் கட்டுப்பாடு இழப்பு இருந்தால் அது ஸ்பா விஷயமே இல்லை. டிஸ்க் பிரச்சினை, எலும்புத் தேய்மானம், சமீபத்திய அறுவை சிகிச்சை உள்ளவர்கள் தாய் மசாஜைத் தவிர்ப்பது நல்லது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் இரண்டுக்குமே மருத்துவரைக் கேட்க வேண்டும்.

கழுத்துதான் என் பெரிய கவலை. சலூனில் முடி வெட்டி முடித்ததும் 'டக்'கென்று திருப்புவார்களே, அதே வேலையைச் சில ஸ்பாக்களிலும் செய்கிறார்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உள்சுவர் அதில் கிழிய வாய்ப்புண்டு. அரிதுதான், ஆனால் நடந்தால் பக்கவாதம், இளம் வயதிலும். படுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: "கழுத்தை சொடுக்க வேண்டாம்."

இந்தியாவில் மசாஜ் செய்பவர்களுக்கென நாடு முழுவதற்கும் பொருந்தும் கட்டாய உரிமம் இல்லை. அதனால் எங்கே பயிற்சி பெற்றீர்கள் என்று கேளுங்கள். அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்பதையும் பாருங்கள். அடிபட்டிருக்கிறதா, மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்காமலே பாயை விரிப்பவரிடம், மெனுவில் எந்த நாட்டுப் பெயர் இருந்தாலும் உங்கள் முதுகைக் கொடுக்காதீர்கள். தெரபிஸ்ட் ஆணா பெண்ணா என்று முன்கூட்டியே கேட்பதும், பாதியில் எழுந்து வருவதும் உங்கள் உரிமை. ஸ்பாவுக்குள் சிசிடிவி வைப்பது தனியுரிமையைப் பாதிக்கும் என்று 2022 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது. அறையில் கேமரா தெரிந்தால் வெளியே வந்துவிடுங்கள்.

சரி, உங்களுக்கு எது?

மசாஜ் புதுசு, தூக்கம் வரவில்லை, மனசு ஓய வேண்டும் என்றால் ஸ்வீடிஷ். உடம்பில் பிரச்சினை எதுவும் இல்லை, ஆனால் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பும் தொடையும் மடங்க மறுக்கிறது என்றால் தாய். அதற்கு முன் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். பிரியாணிக்குப் பிறகு முழங்காலை மார்போடு மடக்கிய அனுபவத்தில் சொல்கிறேன்.

பாங்காக்கிலேயே போய்ப் பார்க்கப் போகிறீர்களா? இரண்டு சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள். 'பாவ் பாவ்' என்றால் மெதுவாக. 'ஜெப்' என்றால் வலிக்கிறது.