கண்ணாடியில தெரியாத முதுகு

1/ வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் ஞாபகம் இருக்கா? 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டி, 77 கிலோ பிரிவு. மொத்தம் 328 கிலோ தூக்கி தங்கம். 2018 கோல்டு கோஸ்டில் மறுபடியும் தங்கம்.

2/ அவர் போட்டியில தூக்குறது ரெண்டு விதம்: ஸ்நாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க். ரெண்டுமே தரையில கிடக்கிற பாரை மேல இழுக்கிறதுல ஆரம்பிக்குது.

3/ முன்னாடி மூணாவதா 'பிரஸ்' இருந்தது. தோள் உயரத்துல இருந்து, கால் உதவி இல்லாம, தலைக்கு மேல தள்ளணும். வீரர்கள் முதுகைப் பின்னாடி வளைச்சு வளைச்சு, அது நின்னுக்கிட்டே போடுற பெஞ்ச் பிரஸ் மாதிரி ஆயிடுச்சு. நடுவர்களுக்குத் தீர்ப்பு சொல்றதே கஷ்டம், கீழ்முதுகுக்கும் ஆபத்து. 1972 மியூனிக் ஒலிம்பிக்கோட நிறுத்திட்டாங்க.

4/ ஆனா நம்ம ஜிம்முல இன்னைக்கும் தள்ளுறதுக்குத்தான் மவுசு. ஆம்பூர் ஷூ கம்பெனியில நாள் முழுக்க மெஷின் மேல குனிஞ்சு தைக்கிற தம்பி, சாயங்காலம் பெஞ்ச் பிரஸ் மட்டும் போட்டா, முதுகுத் தசைக்கு யார் வேலை கொடுப்பா?

5/ அதுக்குத்தான் ரோயிங். சதீஷோட இழுப்பும் இதுவும் ஒண்ணு இல்ல. இதுல எடையை உடம்பை நோக்கி இழுக்கிறோம். தோள்பட்டை எலும்பைப் பின்னால இருந்து பிடிச்சு நிறுத்துற தசைகள் பலமாகும்.

6/ கணக்கு சிம்பிள்: ஒரு செட் தள்ளினா, ஒரு செட் இழுங்க. கையைத் தூக்கும்போது வலி தொடர்ந்து இருந்தா, எடையை ஏத்தாதீங்க. டாக்டரைப் பாருங்க.