அந்தமான் சிறையும் கோவைச் செக்கும்

மலர்க் குழுவினர் "ஏதாச்சும் எழுதிக் குடுங்க" என்று கேட்டபோது, தொழில் சம்பந்தமாகத்தான் எழுத நினைத்தேன். ஆனால் சாயப்பட்டறை மெஷினைப் பற்றி வீரபாண்டிக்காரன் எழுதி, அதைத் திருப்பூர்க்காரர்களே படிப்பதில் என்ன சுவாரசியம்? ஆகவே, எங்கள் பேட்ச் நண்பர்கள் நான்கு பேர் குடும்பத்தோடு போய்ப் பார்த்து வந்த அந்தமான் செல்லுலார் சிறையின் சரித்திரத்தை எழுதுகிறேன். 1996-ல் வந்த 'சிறைச்சாலை' படத்தில் பிரபுவும் மோகன்லாலும் அடைபட்டுக் கிடந்தார்களே, அதே சிறைதான். நமக்கும் அதற்கும் உள்ள சம்பந்தம் பின்னால் வரும்.

1857 கிளர்ச்சியை அடக்கிய கையோடு, பிடிபட்டவர்களைத் திரும்பி வர முடியாத இடத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்று வெள்ளைக்காரர்கள் முடிவு செய்தார்கள். 1858 மார்ச் 10-ம் தேதி, டாக்டர் ஜே.பி. வாக்கர் என்ற அதிகாரி 200 கைதிகளோடு அந்தமானில் வந்து இறங்கினார். அப்போது அங்கே சிறைக் கட்டடம் என்று எதுவும் கிடையாது. கடல்தான் மதில் சுவர். காட்டை வெட்டுவதும் சதுப்பு நிலத்தைத் தூர்ப்பதும்தான் தண்டனை. நம் பக்கம் 'தீவாந்தர சிட்சை' என்பார்கள். வடக்கே 'காலா பானி'. 1872-ல் வைஸ்ராய் மேயோ பிரபு அங்கே பார்வையிடப் போனபோது, ஷேர் அலி அஃப்ரிதி என்ற கைதி அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார்.

அப்புறம் 1890-ல் லயால், லெத்பிரிட்ஜ் என்ற இரண்டு அதிகாரிகள் வந்து ஆராய்ந்து ஒரு விசித்திரமான முடிவுக்கு வந்தார்கள். இந்தியச் சிறைகளில் கிடப்பதைவிட அந்தமானே தேவலை என்று கைதிகள் நினைக்கிறார்களாம்! ஆக, தண்டனை போதவில்லை. புதிதாக வருகிறவனை ஆரம்பத்தில் சில மாதங்கள் தனியறையில் போட்டு வாட்டி, அதன் பிறகு வெளிவேலைக்கு விட வேண்டும் என்று சிபாரிசு செய்தார்கள். அதற்காகக் கட்டப்பட்டதுதான் செல்லுலார் சிறை. 1896-ல் ஆரம்பித்து 1906-ல் முடிந்தது. கட்டியவர்கள் கைதிகளேதான். அடைபடப் போகிறவனே சுவரை எழுப்பினான்.

கட்டட அமைப்பை ஒரு இன்ஜினீயராகப் பார்த்து நான் வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன். நடுவில் ஒரு கோபுரம். அதிலிருந்து சைக்கிள் சக்கரத்துக் கம்பிகள் மாதிரி ஏழு பகுதிகள், ஒவ்வொன்றும் மூன்று மாடி. மொத்தம் 690-க்கும் மேற்பட்ட அறைகள். பொது அறை என்று ஒன்றுகூடக் கிடையாது. ஆளுக்கு ஒரு செல், அதனால்தான் அந்தப் பெயர். ஒரு பகுதியின் முகப்பு அடுத்த பகுதியின் முதுகைப் பார்த்த மாதிரி இருக்கும். எதிர்ச் சிறையில் இருப்பவன் முகத்தைக்கூடப் பார்க்க முடியாது. காற்றுக்கு ஒரு சின்ன ஜன்னல், அதுவும் கைக்கு எட்டாத உயரத்தில். கதவின் தாழ்ப்பாள் கதவிலேயே இல்லை; பக்கத்துச் சுவரில் குடைந்த மாடத்துக்குள் போய் விழுகிறது. உள்ளிருந்து கம்பி வழியாக எவ்வளவு கை நீட்டினாலும் எட்டாது. நண்பர் ஒருவர் முயன்றுபார்த்து, "ரொம்ப யோசிச்சுத்தாண்டா பண்ணியிருக்கான்" என்றார். நன்றாக யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். கோபுரத்தில் ஓரிரண்டு காவலர் நின்றால் போதும். அமெரிக்காவில் பிலடெல்பியாவில் 1829-ல் திறந்த ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறையும் இதே சக்கர அமைப்புதான். தனிமை மனிதனைத் திருத்தும் என்று நம்பிக் கட்டினார்களாம். அதுவும் இன்று காட்சிக்கூடமாகிவிட்டது. அந்தமானில் திருத்துகிற பேச்சே கிடையாது.

வங்காளத்து பாரீந்திர கோஷ், உல்லாஸ்கர் தத், மகாராஷ்டிரத்து சாவர்க்கர் எல்லாரும் அங்கே இருந்தவர்கள். அரசியல் கைதிகளையும் செக்கில் பூட்டினார்கள். ஒருவருக்கு ஒரு நாள் கணக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய், அதாவது பதிமூன்றரை கிலோவுக்கு மேல். கொப்பரையில் நூற்றுக்கு அறுபது எண்ணெய் இறங்கும் என்று வைத்தாலும் 22 கிலோவுக்கு மேல் கொப்பரையை ஆட்டியாக வேண்டும். காங்கயம் பக்கத்துக் கொப்பரைக் களங்களைப் பார்த்தவர்களுக்கு அது எத்தனை என்று தெரியும். மரச்செக்கில் மாட்டைக்கூட மாற்றி மாற்றிக் கட்டுவார்கள்.

1933 மே மாதம் கைதிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். மூக்கில் குழாயைச் செருகிப் பாலை ஊற்றினார்கள். பகத்சிங்கின் தோழர் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மைத்ரா ஆகிய மூவரும் உயிரிழந்தார்கள். 1937-ல் மறுபடியும் உண்ணாவிரதம். நாடு முழுக்கக் கிளர்ச்சி எழுந்த பிறகுதான் அரசியல் கைதிகளைத் தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

கதை அதோடு முடியவில்லை. 1942-ல் ஜப்பானியர் தீவைப் பிடித்தார்கள். வேவு பார்த்ததாகச் சந்தேகப்பட்டு உள்ளூர்க்காரர்களையே அதே அறைகளில் அடைத்து வதைத்தார்கள். இந்திய சுதந்திர லீகின் உள்ளூர்த் தலைவராக இருந்த டாக்டர் திவான் சிங்கே 1944 ஜனவரியில் அங்கே சித்திரவதையில் இறந்தார். அதற்குச் சில நாட்கள் முன்புதான், 1943 டிசம்பரில், நேதாஜி அந்தத் தீவில் கொடியேற்றியிருந்தார்.

ஏழு பகுதிகளில் இன்று நிற்பவை மூன்றுதான். ஜப்பானியர் காலத்திலும் சுதந்திரத்துக்குப் பிறகுமாக நான்கு போய்விட்டன. அந்த வளாகத்தில் 1963-ல் பந்த் பெயரில் ஆஸ்பத்திரி வந்தது. ஆஸ்பத்திரி அவசியம்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முழுவதையும் இடித்துவிடாமல் காப்பாற்றியது, அங்கே அடைபட்டிருந்த பழைய கைதிகளின் எதிர்ப்புதான். மிஞ்சியதை 1979 பிப்ரவரி 11-ல் பிரதமர் மொரார்ஜி தேசாய் தேசிய நினைவுச் சின்னமாக அர்ப்பணித்தார். இன்று சாயங்காலமானால் ஒலி-ஒளிக் காட்சி, ஜனக்கூட்டம். சாவர்க்கர் அறை முன்னால்தான் வரிசை. அரசியல் கைதிகளுக்குப் பளிங்கில் பெயர் பொறித்திருக்கிறார்கள். செங்கல் சுமந்த சாதாரணக் கைதிக்கு அந்தப் பளிங்கில் இடமில்லை. எனக்கு அது ஒரு குறையாகத்தான் படுகிறது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1908-ல் வ.உ.சிதம்பரனாருக்கு நீதிபதி பின்ஹே விதித்ததும் இதே தீவாந்தர சிட்சைதான், இருபதும் இருபதும் நாற்பது வருஷம். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கடைசியில் அவர் அந்தமான் போகவில்லை. கோவை சிறையிலும் கண்ணூர் சிறையிலும் இருந்து 1912 டிசம்பரில் விடுதலையானார். 1872-ல் கட்டிய அந்தக் கோவைச் சிறையில்தான் அவர் செக்கிழுத்தார். செக்கு அங்கே நினைவுச் சின்னமாக இருக்கிறது. செப்டம்பர் 5-லும் நவம்பர் 18-லும் மாலை போடுகிறார்கள். அந்தமானில் செக்கைப் பார்த்து வாயடைத்து நின்ற எங்கள் கூட்டத்தில், ஐம்பது கிலோமீட்டரில் இருக்கிற கோவைச் செக்கைப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை!

அந்தச் சிறையை பிளிச்சிக்கு மாற்றுவதாக அரசு அறிவித்தது. சிறை நிலத்தின் ஒரு பகுதியில் 2025 நவம்பரில் செம்மொழிப் பூங்கா திறந்தாகிவிட்டது. பூங்கா நல்லதுதான், குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம். ஆனால் நூற்றைம்பது வருஷத்துக் கட்டடம் காலியாகும்போது எது நிற்கும், எது போகும் என்று யாராவது முன்கூட்டியே கேட்க வேண்டாமா? அந்தமானில் கேட்பதற்கு அங்கே அடைபட்டவர்களே உயிரோடு இருந்தார்கள். இங்கே அப்படி யாரும் இல்லை. நம் கல்லூரி சிவில் மாணவர்கள் முறைப்படி அனுமதி வாங்கி, சுவர் கனம், கூரை, கதவு, தாழ்ப்பாள் எல்லாவற்றையும் அளந்து வரைபடம் போட்டு வைக்கலாம். ஒரு செமஸ்டர் புராஜெக்ட்டுக்குப் போதுமான வேலை. டேப்பும் லெவலும் வாடகைக்கு எடுக்க ஆகும் செலவை எங்கள் பேட்ச் ஏற்றுக்கொள்ளும்.